ஈடுசெய் காடும் காடுறை மக்களின் உரிமையும்

காஞ்சிமாநகர்க்கு அப்பெயர் வந்த காரணம் கூறுவார் பலர். அவருள் ஒரு சாரார், காஞ்சி என்னும் மரம் பண்டு இவ்விடத்தே மிக்கிருந்தமையின் ஊரும் அப்பெயர் பெற்றது என்பர். நீர்க்கரைகளில் வளரும் அம்மரத்தை ஆற்றுப்பூவரசு என்றும் வழங்குவர். இன்று இந்நகர்க்கு வருவோர் கோபுரங்களைக் காண்பர், தறியொலி கேட்பர், பட்டும் வாங்கிச் செல்வர். ஆனால், ‘இவ்வூர்க்குப் பெயரளித்த மரம் யாது? அதனைக் காட்டுங்கள்’ என்று அவர் கேட்பாராயின், காட்ட வல்லார் நம்முள் எத்துணையர்?

இந்நகரில் மற்றொரு மரமும் உண்டு. அதனை அறியாதார் இலர். ஏகாம்பரநாதர் கோயிலின் தலமரமாகிய மாவே அது. ஏதேனும் ஒரு பொதுவேலைக்காக அம்மரத்தை வெட்டவேண்டும் என்றும், அதற்கு ஈடாக வேறோர் ஊரில் பத்து மாங்கன்றுகள் நடப்படும் என்றும் ஒருவர் வந்து கூறுவதாகக் கொள்வோம். இந்நகரத்தார் ஒப்புவரோ? ஒருகாலும் ஒப்பார். ‘ஒன்றுக்குப் பத்துக் கிடைக்கின்றதே, இஃது ஆதாயமன்றோ’ என்று அவர் கணக்கிட்டுக் காட்டினும் ஒப்பார். ஏனெனின், அம்மரத்தின் பெருமை அது மா என்பதனால் மட்டும் வந்ததன்று; அது நிற்கும் இடத்தாலும், அதனோடு மக்கட்குள்ள நெடுங்காலத் தொடர்பாலும் வந்தது. இடமும் தொடர்பும் கன்றோடு பெயர்த்து நடத்தக்கன அல்ல.

கோயில் மரத்தின் திறத்தில் நமக்கு எளிதிற் புலப்படும் இவ்வுண்மை, காட்டு மரங்களின் திறத்தில் மட்டும் ஏன் புலப்படுவதில்லை? இதனை ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈடுசெய் காடு என்பது யாது?

சாலை, அணை, சுரங்கம், தொழிற்சாலை முதலியவற்றிற்காகக் காட்டு நிலத்தைப் பிற பயன்களுக்கு மாற்றுதல் நம் நாட்டில் நெடுநாளாக நிகழ்வது. 1980-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வனப்பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஒரு கட்டுப்பாடு விதித்தது. அதன்படி, மாநில அரசாங்கம் எதுவும் நடுவணரசின் முன்னிசைவு பெறாது காட்டு நிலத்தைப் பிற பயனுக்கு விடுதல் கூடாது. இசைவு தரும்பொழுது விதிக்கப்படும் நிபந்தனைகளுள் தலையாயது ஈடுசெய் காடு வளர்ப்பு ஆகும். எவ்வளவு காட்டு நிலம் எடுக்கப்படுகின்றதோ அவ்வளவு காடல்லாத நிலம் பெற்று அதில் மரம் நடுதல் வேண்டும். அவ்வாறு நிலம் கிடையாதாயின், அதனினும் இரு மடங்கு சிதைந்த காட்டு நிலத்தில் மரம் நடுதல் வேண்டும். செலவு நிலம் பெறுவோரைச் சார்ந்தது.

காடு என்பது யாது என்ற வினாவும் பின்னர் எழுந்தது. அதற்கு விடை கிடைத்தது நம் மாநிலத்து வழக்கொன்றில் என்பதை மாணவர் அறிதல் நன்று. நீலகிரியைச் சார்ந்த கூடலூர்ப் பகுதியில் மரங்கள் வெட்டப்படுதலைத் தடுக்க வேண்டி, கோதவர்மன் திருமுல்பாடு என்பார் 1995-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1996-ஆம் ஆண்டு திசம்பர் 12-ஆம் நாள் நீதிமன்றம் அளித்த கட்டளை, காடு என்ற சொல்லை அகராதிப் பொருளிற் கொள்ளல் வேண்டும் என்றும், நிலம் யாருடைமையாயினும் அச்சட்டம் பொருந்தும் என்றும் கூறிற்று. ஒரு மலைச்சரிவின் மரங்களைப் பற்றி எழுந்த வழக்கு, நாடு முழுவதற்கும் உரிய காட்டு நெறியாயிற்று. ஈடுசெய் காட்டிற்கென வாங்கப்படும் பணத்தைத் தனியே வைத்தல் வேண்டும் என்ற கட்டளையும் இவ்வழக்கிலேயே 2002-ஆம் ஆண்டிற் பிறந்தது.

மரம் நடும் செலவேயன்றிப் பிறிதொரு தொகையும் உண்டு. காடு தரும் விறகு, நீர், நற்காற்று, மண்காப்பு முதலியவற்றின் விலையை மதிப்பிட்டு, அழியும் காட்டிற்கு ஒரு தொகை விதிப்பர். அதனை ‘நிகர இன்றைய மதிப்பு’ என்பர். 2008-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஏற்ற அளவு, காட்டின் வகைக்கும் அடர்த்திக்கும் ஏற்ப, ஹெக்டேர் ஒன்றுக்கு ஏறத்தாழ 4.38 இலட்சம் ரூபாய் முதல் 10.43 இலட்சம் ரூபாய் வரையாகும்; 2022-ஆம் ஆண்டில் இத்தொகை உயர்த்தப்பட்டது. இவ்வாறு சேர்ந்த பெருநிதியைச் செலவிடும் முறையை 2016-ஆம் ஆண்டின் ஈடுசெய் காடு வளர்ப்பு நிதிச் சட்டம் வகுத்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு மாநிலங்கட்கும், பத்துப் பங்கு நடுவண் நிதிக்கும் உரியன. 2019-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் 27 மாநிலங்கட்கு ஏறத்தாழ 47,436 கோடி ரூபாய் பிரித்தளிக்கப்பட்டது.

இத்துணைப் பெருந்தொகை எவ்வாறு சேர்ந்தது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். இதில் உள்ள ஒவ்வொரு ரூபாயும் எங்கோ அழிந்த ஒரு காட்டின் விலையாகும். நிதி பெருகிற்று என்று மகிழ்வோமாயின், காடு குறைந்தது என்று மகிழ்வோர் ஆவோம்.

நட்ட கணக்கும் நின்ற கணக்கும்

விதி நன்றாயினும் விளைவு அதற்கேற்ப அமைந்ததோ? இந்தியக் கணக்காயர் தலைவர் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை இதற்கு விடை கூறும். 2006 முதல் 2012 வரையுள்ள காலத்தில், காட்டிற்கு ஈடாகக் கிடைத்திருக்க வேண்டிய காடல்லாத நிலம் ஏறத்தாழ 1,03,382 ஹெக்டேர். கிடைத்தது 28,086 ஹெக்டேரே. நூற்றுக்கு இருபத்தேழு பங்கு. அதிலும் மரம் நடப்பட்டது 7,281 ஹெக்டேர் அளவே. அதாவது, கிடைத்திருக்க வேண்டிய நிலத்தில் நூற்றுக்கு ஏழு பங்கு. நூறு முழம் பட்டு எடுத்தவன் ஏழு முழம் நூல் கொடுத்துக் கணக்கை முடித்தாற்போல்வது இது.

நட்டன யாவும் நின்றன என்று கொண்டாலும், நின்றது காடாகுமா என்பது அடுத்த வினா. நம் தொண்டைநாட்டுக் கரையோரத்தும் சிறு குன்றுகளிலும் இயல்பாயுள்ள காடு ஓங்கிய மரக்காடன்று. உசில், வெட்பாலை, வீரை, எட்டி முதலிய மரங்களும், களா, காரை, சூரை முதலிய புதர்களும், அவற்றைப் பின்னிய கொடிகளுமாய் அடர்ந்த குறுங்காடு அது. மேலோட்டமாகக் காண்பவன் இதனைப் ‘புதர்’ என்று ஒதுக்குவான். ஆனால் களாவின் கனியும், சிறுகுறிஞ்சானின் இலையும், புற்றின் ஈசலும், வளையின் உடும்பும், வேர்களிடையே ஊறும் நீரும் அங்கு வாழ்வார்க்கு உணவும் மருந்தும் ஆவன. இதனை அழித்துத் தைலமரத்தையோ சவுக்கையோ வரிசையாய் நட்டால், மேலிருந்து நோக்கும் கண்ணுக்குப் பசுமை குறையாது; கீழிருந்து வாழும் உயிர்க்கோ யாவும் குறையும்.

ஓரினத்து மரத்தை அவசரமாய்ப் பரப்புதலின் பயனை நம் ஏரிகளே நமக்குக் கற்பிக்கின்றன. சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்தது. 1870-களில் விறகுப் பஞ்சம் நீங்கும் பொருட்டுச் சென்னை மாகாணத்திற்கு விதை வருவிக்கப்பட்டது. நோக்கம் நல்லதே. அதனைப் பரப்பினோர் தீயோரும் அல்லர். எனினும் அது இன்று காஞ்சியைச் சூழ்ந்த ஏரி உட்புறங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் கவர்ந்து நிற்றலைக் கண்ணாரக் காண்கின்றோம். அதனை அகற்றுமாறு உயர் நீதிமன்றம் கட்டளையிடும் அளவிற்கு நிலைமை முற்றிற்று. ஒரு தலைமுறையார் நட்டதைப் பிடுங்குதல் மற்றொரு தலைமுறையார்க்கு வேலையாயிற்று.

இடமாற்றத்தின் எல்லையைக் காணவேண்டின் பெரிய நிக்கோபார்த் தீவை நோக்குக. அங்குத் துறைமுகம், வானூர்தி நிலையம், நகரம் ஆகியவற்றை அமைத்தற்காக ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை எடுப்பதற்கு 2022-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் கொள்கையளவில் இசைவு தரப்பட்டது. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் நிலப்பரப்பின் பெரும்பகுதி முன்னரே காடாயிருத்தலின், அங்கு ஈடுசெய் காடு வளர்க்க இடமில்லை என்று கருதி, அதற்கு அரியானா மாநிலத்து நிலம் குறிக்கப்பட்டது. கடல் சூழ்ந்த மழைக்காட்டிற்கு ஈடு, வறண்ட ஆரவல்லிக் குன்றின் சாரலில்! அத்தீவின் உட்காட்டில் வாழும் சோம்பேன் மக்களுக்கு அரியானாவில் வளரும் மரத்தால் நிழலும் இல்லை, கனியும் இல்லை. நிக்கோபார்ப் பழங்குடிமக்களின் மன்றம் முதலில் தந்த இசைவை அதே ஆண்டு நவம்பர்த் திங்களில் மீட்டுக்கொண்டமை இங்கு நினையத்தக்கது.

காட்டில் வாழ்ந்தார் யார்?

இதுகாறும் நிலத்தையும் மரத்தையும் பற்றிக் கூறினோம். இனி மக்களைப் பற்றிக் காண்போம்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் என்னும் புலவர் பெருமான் பத்துப்பாட்டுள் இரு பாட்டுக்களை இயற்றியவர். அவற்றுள் பட்டினப்பாலை, கரிகாற்பெருவளத்தான் காட்டை அழித்து நாடாக்கிய செயலைப் புகழ்கின்றது. பெரும்பாணாற்றுப்படையோ, காஞ்சியில் அரசு வீற்றிருந்த தொண்டைமான் இளந்திரையனைக் காணச் செல்லும் பாணனுக்கு வழி கூறுவது. அவ்வழியில் எயினர் குடியிருப்பு வருகின்றது. எயிற்றியர் இரும்பு முனை பொருத்திய கோலால் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி திரட்டி, அதனைக் குற்றிச் சமைத்து, வரும் விருந்தினர்க்கு அளிக்கின்றனர். காடு அழித்தலைப் புகழ்ந்த அதே நாவே காட்டு மக்களின் சோற்றையும் விருந்தோம்பலையும் பாடியது. காஞ்சிக்குச் செல்லும் வழியில் காடும் இருந்தது. அக்காட்டில் மக்களும் இருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

நம் காலத்தில் காஞ்சிபுரம், செங்கற்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் பரவி வாழும் பழங்குடியினர் இருளர். எயினரே இருளர் எனக் கூறுதற்குச் சான்று இல்லை. எனினும், எலிவளைகளைத் தோண்டி, எலி சேர்த்து வைத்த நெல்மணியை எடுத்து உண்ணும் வழக்கம் அவரிடையே அண்மைக்காலம் வரை இருந்து வந்ததை அறிவோர், பழம்பாட்டின் காட்சியை எண்ணாதிரார். தேனெடுத்தல், மருந்து வேர் அகழ்தல், பாம்பு பிடித்தல் ஆகியன அவர்தம் தொழில்கள். காடே அவர்க்குக் கழனி.

அக்கழனியை அவர் இழந்தது எவ்வாறு? 1882-ஆம் ஆண்டில் சென்னை வனச்சட்டம் இயற்றப்பட்டது. ஒரு நிலத்தைக் காப்புக்காடாக்கக் கருதும் அரசாங்கம் முதலில் அறிவிப்பு வெளியிடும். உரிமை உடையோர் குறித்த காலத்துள் காட்டு உரிமை அலுவலர்பால் முறையிட்டுக் கொள்ளல் வேண்டும். முறையிடாத உரிமை அழிந்துபடும். சட்டம் படித்தார்க்கு இஃது ஒழுங்கான முறையே. ஆனால் எழுத்தறியாது, பட்டா என்பது யாது என்று கேளாது, ஒரு பருவத்தில் ஒரு குன்றும் மற்றொரு பருவத்தில் மற்றொரு குன்றுமாய் வாழ்ந்த மக்கள், அறிவிப்பைப் படிப்பது எங்ஙனம்? குறித்த காலத்துள் மனு எழுதுவது எங்ஙனம்? வாய்மொழியாய் வழங்கிய உரிமை வாய்மொழியாகவே மறைந்தது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தடைகளும் பாம்புத்தோல் வாணிகத்தை நிறுத்தின. அத்தடை வேண்டியதே. ஆயினும், அதனால் பிழைப்பிழந்த இருளர்க்கு வேறு வழி யாது என்ற வினாவும் எழுந்தது. அதற்கு நல்விடை கண்டது ஒரு முயற்சி. 1978-ஆம் ஆண்டில் மகாபலிபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்சை எடுத்து, பாம்பை உயிருடன் காட்டில் விடுகின்றனர். அந்நஞ்சு நாடெங்கும் பாம்புக்கடி மருந்து செய்யப் பயன்படுகின்றது. சங்கத்தைச் சார்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவர் 2023-ஆம் ஆண்டில் பத்மசிறீ விருது பெற்றனர். காட்டறிவு அழியாது காக்கப்படின் நாட்டுக்கு எவ்வாறு பயன்படும் என்பதற்கு இது சான்று.

இதற்கு மாறான காட்சியும் உண்டு. அதனை மறைத்தல் கூடாது. 2019-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து கொத்தடிமைகளாய் இருந்த இருளர் 42 பேரை அரசு அலுவலர் மீட்டனர். சிறு கடனுக்காக ஆண்டுக்கணக்கில் அங்குக் கட்டுண்டு கிடந்தவர் அவர். காட்டில் உரிமையோடு வாழ்ந்தவரின் வழித்தோன்றல்கள் மரம் வெட்டும் அடிமைகளாய்க் காணப்பட்டனர். ஈடுசெய் காட்டின் கணக்குப் புத்தகத்தில் இவ்விழப்பிற்கு எப்பக்கத்திலும் வரி இல்லை.

2006-ஆம் ஆண்டின் சட்டம்

இப்பழம் பிழையைத் திருத்தும் பொருட்டே 2006-ஆம் ஆண்டில் வன உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. காடுறை மக்கட்கு இழைக்கப்பட்டது ‘வரலாற்று அநீதி’ என்பதைச் சட்டத்தின் முகவுரையே ஒப்புகின்றது. பழங்குடியினரும், மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்த பிற மரபுவழியினரும் இதனால் உரிமை பெறுவர். 2005-ஆம் ஆண்டு திசம்பர் 13-ஆம் நாளுக்கு முன்னர் உழுது வந்த நிலத்தில் நான்கு ஹெக்டேர் வரை உரிமை உண்டு. தேன், மூங்கில், மூலிகை முதலிய சிறு விளைபொருள்களைத் திரட்டவும் விற்கவும் உரிமை உண்டு. இவற்றினும் சிறந்தது, தாம் காத்துவந்த காட்டைச் சமுதாயமாகக் காத்து ஆளும் உரிமை. உரிமைகளை முதற்கண் ஆராய்வது கிராமசபை. ஆராய்ச்சி முடியுமுன் எவரையும் வெளியேற்றல் கூடாது.

காட்டு நிலத்தைப் பிற பயனுக்கு மாற்றுமுன் கிராமசபையின் இசைவு வேண்டும் என்று நடுவணரசின் அமைச்சகம் 2009-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் அறிவித்தது. இதன் ஆற்றல் ஒடிசாவின் நியமகிரியில் விளங்கிற்று. அங்கு அலுமினியக் கனிமம் அகழ்தல் பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் 2013-ஆம் ஆண்டு ஏப்பிரல் 18-ஆம் நாள் முடிவைக் கிராமசபைகளிடம் விட்டது. பன்னிரண்டு கிராமசபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. மலை நின்றது.

இச்சட்டம் வளர்ச்சிக்குப் பகையென்று கருதுவார் ஒன்று நோக்குக. பள்ளி, மருத்துவமனை, குடிநீர், சாலை முதலிய பொதுநலப் பணிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாகவும், ஹெக்டேர்க்கு 75 மரத்திற்கு மிகாமலும், கிராமசபையின் பரிந்துரையோடு காட்டு நிலம் விட இச்சட்டமே இடந்தருகின்றது. காட்டு மக்களும் பள்ளியையும் மருத்துவமனையையும் வேண்டுகின்றவரே. அவர் வேண்டுவது, தம்மைக் கேளாது எதனையும் செய்யாமை ஒன்றே.

நம் மாநிலத்தில் இச்சட்டம் தாழ்ந்தே நடந்தது. 2008-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் விதித்த இடைக்காலக் கட்டளையால், உரிமைச் சான்று வழங்குதல் பல்லாண்டு தடைப்பட்டது. 2016-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தால் அத்தடை நீங்கிற்று. அதன்பின் சில நற்செய்திகள் வந்தன. ஆனைமலைப் பகுதியின் கல்லார்க்குடியில் வாழ்ந்த காடர் 2019-ஆம் ஆண்டு மழையில் மண் சரிந்து வீடிழந்தனர். தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பில் தங்குமாறு அனுப்பப்பட்ட அவர், காட்டினுள்ளேயே தெப்பக்குளமேட்டில் இடம் வேண்டுமென்று நெடுநாள் போராடி, 2021-ஆம் ஆண்டில் அதனைப் பெற்றனர்.

ஆனால் நம் காஞ்சிப் பகுதி இருளர்க்கு இச்சட்டம் எவ்வளவு துணை செய்யும்? பாட்டன் காலத்திலேயே காட்டைவிட்டு வெளிப்பட்டு, ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை கட்டி வாழ்வோர், 2005-ஆம் ஆண்டில் காட்டு நிலத்தில் இருந்ததாக எங்ஙனம் காட்டுவர்? சட்டத்திற்கு மாறாக வெளியேற்றப்பட்டார்க்கு மாற்று நிலம் தர இச்சட்டத்தில் ஒரு விதி உண்டு. ஆனால் இவர் பலர் சட்டத்தின்படியே உரிமை இழந்தவர். எவரும் துரத்தாமலே தேய்ந்து வெளிப்பட்டவர். ஆகவே, மரம் இழந்த நிலத்திற்கு ஈடு உண்டு. நிலம் இழந்த இம்மாந்தர்க்கு ஈடு இல்லை.

இரண்டு சட்டமும் முரணும் இடம்

2016-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் நாடாளுமன்றத்தில் ஆராயப்பட்டபொழுது, கிராமசபையின் இசைவு அதில் இடம்பெறல் வேண்டும் என்று உறுப்பினர் சிலர் வற்புறுத்தினர். விதிகள் வகுக்குங்கால் அது கருதப்படும் என்று அமைச்சர் உறுதி கூறினார். 2018-ஆம் ஆண்டில் விதிகள் வந்தன. அவற்றில் கிராமசபையோடோ காட்டுக் குழுவோடோ ‘கலந்தாய்தல்’ என்ற சொல்லே காணப்பட்டது. கலந்தாய்தல் வேறு, இசைதல் வேறு. மணப்பெண்ணைக் கலந்து பேசுவதும் அவள் இசைவு பெறுவதும் ஒன்றல்லவே. பின்னர் 2022-ஆம் ஆண்டில் வெளியான வனப்பாதுகாப்பு விதிகள், வன உரிமை நிறைவேற்றத்தை நடுவண் இசைவிற்குப் பிற்பட்ட நிலையில், மாநில அரசாங்கத்தின் பொறுப்பில் விட்டன. நிலத்தைக் கொடுத்துவிட்டு உரியவனைத் தேடும் முறையாயிற்று இது.

முரண் இவ்வளவில் நிற்கவில்லை. ஈடுசெய் காடு நடுதற்கு நிலம் வேண்டும். ‘சிதைந்த காடு’ என்று பதிவேட்டில் எழுதப்பட்ட நிலமோ, பலவிடத்தும் மக்களின் மேய்ச்சல் நிலமும் பருவ விளைநிலமும் ஆகும். ஒடிசாவின் கந்தமால் போன்ற பகுதிகளில், பழங்குடியினர் தினையும் கிழங்கும் விளைத்த இடங்களில் தேக்கு நடப்பட்டதாக முறையீடுகள் எழுந்தன. இவ்வாறாயின், ஒருவன் காட்டைச் சுரங்கம் கொள்ள, அதற்கு ஈடாய் மற்றொருவன் கொல்லையைத் தேக்கு கொள்ளும். ஓர் இழப்பிற்கு ஈடு செய்யப் புகுந்து இரண்டு இழப்புக்களை உண்டாக்குதல் இதுவாம்.

இஃது எங்கோ நிகழும் செய்தி என்று நாம் வாளா இருத்தல் இயலாது. சென்னையிலிருந்து காஞ்சிபுரம், திருவண்ணாமலை மாவட்டங்கள் வழியே சேலத்திற்கு 277 கிலோமீட்டர் நீளத்தில் எட்டு வழிச் சாலை ஒன்று 2018-ஆம் ஆண்டில் திட்டமிடப்பட்டபோது, வயல்களோடு காப்புக்காடுகளும் அதன் தடத்திற் பட்டன. 2019-ஆம் ஆண்டு ஏப்பிரல் 8-ஆம் நாள் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பை நீக்கிற்று. 2020-ஆம் ஆண்டு திசம்பர் 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அறிவிக்கையைச் செல்லுமென்றது. காஞ்சியினின்று புறப்படும் சாலை எதுவாயினும், அது யாரோ ஒருவர் நிலத்தின்மீதே செல்லும்.

உரிமையே காவல்

மக்கட்கு உரிமை தரின் காடு அழியும் என்று அஞ்சுவார் உளர். அவ்வச்சத்திற்கு நம் அண்டையிலேயே மறுமொழி உண்டு. மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் ஏரியில் நீர்க்கடம்பும் கருவேலமும் நிற்க, ஆண்டுதோறும் நீர்ப்பறவைகள் வந்து கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாதலை ஊரார் அறிவர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டனர். 1798-ஆம் ஆண்டில் கலெக்டராயிருந்த லயனல் பிளேசு, பறவைகளைக் காக்கும் உரிமையை அவ்வூரார்க்கு அளித்துக் கவுல் எழுதிக் கொடுத்தார். வனத்துறை என ஒன்று தோன்றுதற்கு முன்னரே ஊரார் அப்பறவைகட்குக் காவலாயினர். ஏறத்தாழ 30 ஹெக்டேர் அளவே உள்ள அவ்விடம் 2022-ஆம் ஆண்டில் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களுள் ஒன்றாக ராம்சார்ப் பட்டியலிற் சேர்ந்தது. உரிமை உடையவன் காப்பான். உரிமை இழந்தவன் காத்துப் பயன் யாது?

பிறரை மட்டும் கூறி நம்மை விடுதல் நேர்மையன்று. கல்லூரிகளும் காட்டு நிலத்தில் எழுந்ததுண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்திற்குப் பெயர்ந்தபொழுது, அதற்கு இடமாயமைந்தது அரசாங்கம் அளித்த சேலையூர்க் காப்புக்காட்டின் ஒரு பகுதி. 1937-ஆம் ஆண்டில் அங்குக் கல்லூரி திறக்கப்பட்டது. வேதியியற் பேராசிரியர் எட்வர்டு பார்ன்சு அவ்விடத்துச் செடிகொடிகளை ஆராய்ந்தும், புதிய மரங்களை நட்டும், உள்ள குறுங்காட்டைப் பேணியும் வந்தார். இன்றும் அவ்வளாகத்தில் குறுங்காடும் புள்ளிமானும் உள்ளன. எடுத்த நிலத்திலேயே எஞ்சியதைக் காத்தல் என்னும் நெறி இதனால் விளங்கும். ஆயினும், ‘இக்காட்டில் முன்னர் நடமாடினார் யார்? அவர் இசைந்தனரோ?’ என்ற வினாவைக் கேட்கும் சட்டம் அக்காலத்தில் இல்லை. இன்று உண்டு. ஆதலின் இன்று கேளாதிருத்தல் நம் குற்றமாகும்.

முடிவுரை

இவற்றால் துணியப்படுவது யாதெனின், ஈடுசெய் காடு வளர்த்தல் வேண்டாததன்று. ஆனால் அது கடைசியாக நிற்கவேண்டிய செயல். அதற்கு முன்னர் விடை காணவேண்டிய வினாக்கள் சில உள. இந்நிலத்தை எடுத்தே தீரல் வேண்டுமோ, வேறு வழியில்லையோ என்பது முதல் வினா. அங்கு வாழ்வாரும் வாழ்ந்தாரும் யார், அவர் மனமார இசைந்தனரோ என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் கடந்த பின்னரே எவ்விடத்தில், எம்மரம் என்பது எழும். அதற்கு விடை கூறத்தக்கவர் அம்மண்ணை அறிந்த மக்களே. இறுதியில், நட்டதை மூன்றாம் ஆண்டிலும் பத்தாம் ஆண்டிலும் பேணுவார் யார், அதன் கனியும் தழையும் யார்க்குரியன என்பது. இவ்வரிசையைத் தலைகீழாக்கி, மரக்கன்றின் எண்ணிக்கையை முன்வைத்துப் பிறவற்றை மறைத்தலே இன்றைய பிழை.

காஞ்சியின் நெசவாளர் பட்டுச் சேலையின் உடலையும் கரையையும் ஒருங்கே நெய்து, இழைக்கு இழை கோத்து இணைப்பர். அதனைக் கோர்வை என்பர். கோர்வை அறுந்த சேலைக்கு வேறொரு தறியில் நெய்த கரையை ஈடாகத் தரின், துணியின் அளவு குறையாது. சேலை மட்டும் கிழிந்தே இருக்கும். காடும் அதன் மக்களும் இத்தகைய கோர்வையினர்.

மாணவ அன்பர்காள்! ஆண்டுதோறும் நம் வளாகத்திலும் மரம் நடுவிழா நிகழ்கின்றது. அடுத்த முறை நீவிர் கன்று ஏந்திச் செல்லுங்கால், அதன் பெயரைக் கேண்மின். அது இம்மண்ணுக்கு உரியதோ என்று கேண்மின். கோடையில் நீர் ஊற்றுவார் யார் என்று கேண்மின். நகர்க்குப் புறத்தே ஏரிக்கரையில் வாழும் இருளக் குடியினரிடம் சென்று, அவர் அறிந்த செடிகளின் பெயர்களைக் கேட்டு எழுதி வருமின். எழுதும்போதே, அவர்க்கு வீட்டுமனைப் பட்டாவும் சாதிச் சான்றும் உண்டோ என்பதையும் கேட்டறிந்து, இல்லையாயின் மனு எழுத உதவுமின். 1882-ஆம் ஆண்டில் அறிவிப்பைப் படித்துச் சொல்லவும் மனு எழுதிக் கொடுக்கவும் அவர்க்கு அருகில் ஒருவர் இருந்திருப்பாராயின், இன்றைய நிலை சிறிதேனும் வேறாயிருக்கும். எழுத்தறிந்த நாம் அந்த ஒருவராதல் கூடும்.